முகம் பார்க்காமல் முத்திரையா?

பேங்கில் பிரமாணப் பத்திரம் கேட்கிறார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழ் தொலைந்துபோனால், அதற்கும் ஒரு பத்திரம் கேட்கிறார்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால், அதற்கும் பத்திரம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், ஊர் வீட்டைக் கவனிக்கும் அதிகாரத்தைத் தகப்பனாருக்குக் கொடுக்கவேண்டுமா? அதற்கும் பத்திரம்தான்.

பத்திரம் எழுதியாகிவிட்டது. அடுத்து என்ன?

“நோட்டரியிடம் போய்க் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வாருங்கள்” என்கிறார்கள்.

கோர்ட்டு வாசலுக்குப் போகவேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். பஸ் செலவு ஆகும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவரை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? கைக்குழந்தைக்காரி என்ன செய்வாள்?

இந்தத் தொல்லை இனி இல்லை என்று இப்போது விளம்பரங்கள் வருகின்றன.

“நோட்டரி உங்கள் வீட்டுக்கே வருவார்” என்கிறது ஒரு விளம்பரம்.

“யாரும் எங்கும் போகவேண்டாம். பத்திரத்தைச் செல்போனில் அனுப்புங்கள். பணம் கட்டுங்கள். முத்திரை போட்டு அனுப்பிவைக்கிறோம்” என்கிறது இன்னொரு விளம்பரம்.

இரண்டும் ஒரே மாதிரி வசதிதானே என்று தோன்றும். இல்லை. முதலாவது வசதி. இரண்டாவது ஆபத்து.

ஏன் ஆபத்து? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், நோட்டரியின் வேலை என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும்.

நோட்டரி யார்?

நோட்டரி என்றால் கோர்ட்டு வாசலில் ரப்பர் ஸ்டாம்பு வைத்திருப்பவர் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. அவர் சர்க்காரால் நியமிக்கப்பட்டவர்.

வெள்ளைக்காரர் ஆட்சியில், இந்தியாவில் இருந்த நோட்டரிகளில் ஒரு பகுதியினருக்கு நியமனம் இங்கிலாந்திலிருந்து வந்தது. கான்டர்பரி ஆர்ச்பிஷப்பின் பெயரால் நடக்கும் ஒரு அலுவலகம் அவர்களை நியமித்தது. மற்றவர்கள் 1881-ம் ஆண்டுச் செலாவணிப் பத்திரச் சட்டப்படி நியமிக்கப்பட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகு, நம் நாட்டு நோட்டரிக்கு நம் நாட்டிலேயே சட்டம் வேண்டும் என்று முடிவாயிற்று. 1952-ல் நோட்டரிகள் சட்டம் நிறைவேறியது. 1956-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கான விதிகளும் அந்த ஆண்டே வந்தன.

அந்தச் சட்டம்தான் இன்றைக்கும் நடக்கிறது.

இதன்படி மைய சர்க்காரும் நோட்டரியை நியமிக்கலாம். மாநில சர்க்காரும் நியமிக்கலாம். வக்கீலாக இருந்து நோட்டரி ஆகிறவருக்குப் பத்து ஆண்டு அனுபவம் வேண்டும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, மலைவாழ், பிற்பட்ட வகுப்பாருக்கும் ஏழு ஆண்டு போதும். அவருக்குக் கொடுக்கும் அத்தாட்சி ஐந்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்கவேண்டும். எந்த எல்லைக்குள் தொழில் செய்யலாம் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

நோட்டரி அல்லாத ஒருவர் “நான் நோட்டரி” என்று சொல்லிக்கொண்டு முத்திரை போட்டால், அது குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

முத்திரை என்ன சொல்கிறது?

நோட்டரியின் முத்திரை வட்டமாக இருக்கும். அதன் குறுக்களவு 5 சென்டிமீட்டர். அதில் அவர் பெயர் இருக்கும். அவரை நியமித்த சர்க்காரின் பெயரும், அவருடைய எல்லையும் இருக்கும்.

அந்த முத்திரை பத்திரத்தில் விழுந்தால் என்ன அர்த்தம்?

“இவர் என் முன்னால் வந்தார். இவர் இன்னார்தான் என்று தெரிந்துகொண்டேன். இவர் மனம் ஒப்பி, என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார்.”

இவ்வளவுதான் அர்த்தம். இதற்கு மேலும் இல்லை. இதற்குக் குறைந்தும் இல்லை.

பத்திரத்தில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று நோட்டரி சொல்வதில்லை. நிலம் உண்மையில் யாருடையது என்று அவர் ஆராய்ச்சி செய்வதில்லை. வந்த ஆள் யார் என்பதற்கே அவர் சாட்சி.

ஆகவே, ஆளே வரவில்லை என்றால் என்ன ஆகும்? முத்திரை சொல்வது முழுப் பொய் ஆகிவிடும். மை நிஜமாக இருக்கும். நோட்டரியும் நிஜமான நோட்டரியாகவே இருக்கலாம். ஆனாலும் அது பொய்.

யாருக்கு நஷ்டம்?

இதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது.

நோட்டரி முன்பாகக் கையெழுத்திட்டு, அவர் அத்தாட்சி செய்த அதிகாரப் பத்திரத்தை, அதாவது “பவர்” பத்திரத்தை, உண்மையானது என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ளவேண்டும். 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் அப்படிச் சொல்லிற்று. 2024 ஜூலை 1-ந் தேதி அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு இருக்கிறது.

“இது பொய்ப் பத்திரம்” என்று ஒருவர் சொன்னால், அதை அவர்தான் நிரூபிக்கவேண்டும்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். ஊரில் அவர் பேரில் ஒரு வீடு இருக்கிறது. வீட்டை விற்கும் அதிகாரத்தை அவர் தனக்குக் கொடுத்ததாக ஒருவன் ஒரு பவர் பத்திரத்தைக் காட்டுகிறான். அதில் கையெழுத்து இருக்கிறது. முத்திரையும் இருக்கிறது. முத்திரை போட்டவர் அண்ணன் முகத்தைப் பார்த்ததே இல்லை. வீடு கைமாறிவிடுகிறது.

அண்ணன் லீவில் வருகிறார். சொந்த வீட்டில் வேறு பூட்டு தொங்குகிறது. “அன்றைக்கு நான் எந்த நோட்டரியிடமும் போகவில்லை” என்று அவர் நிரூபிக்கவேண்டும். போனதை நிரூபிப்பது எளிது. போகாததை எப்படி நிரூபிப்பது? கேஸ் எத்தனை ஆண்டு நடக்கும்?

முத்திரைக்குச் சட்டம் அவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்கிறது. நோட்டரி முகம் பார்ப்பார் என்று நம்பித்தான் கொடுத்திருக்கிறது. முகம் பார்க்காத முத்திரை, ஏமாற்றுக்காரன் கையில் கொடுத்த சாவி.

வீட்டுக்கு வரும் நோட்டரி

“அப்படியானால் நோட்டரி வீட்டுக்கு வருவதும் தவறா?”

இல்லவே இல்லை. அது நல்ல ஏற்பாடு. புதியதும் அல்ல. நோட்டரி வெளியே போய் வேலை செய்தால், கட்டணத்தோடு பயணப்படியும் வாங்கிக்கொள்ளலாம் என்று 1956-ம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது.

பத்திரப் பதிவிலும் இந்த வசதி உண்டு. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைப் பாருங்கள். உடல் நலம் இல்லாமல், மிகுந்த சிரமம் இல்லாமல் வரமுடியாதவர்கள் பதிவு ஆபீசுக்கு வரவேண்டியதில்லை. ஜெயிலில் இருப்பவரும் வரவேண்டியதில்லை. பதிவு அதிகாரியே அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகலாம். அல்லது வேறு ஒருவரை அனுப்பி விசாரிக்கலாம். நூறு ஆண்டுக்கு மேலாக இந்த வசதி இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. கிழவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பதிவு ஆபீஸ் படி ஏறுகிறார்கள்!

அமெரிக்காவில் வீடு தேடி வரும் நோட்டரி சர்வ சாதாரணம். ஆஸ்பத்திரிக்கும் வருவார். வேலை செய்யும் இடத்துக்கும் வருவார். கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு கையெழுத்துக்கு 15 டாலருக்கு மேல் நோட்டரி வாங்கக் கூடாது. வந்துபோகும் செலவு தனி. வீட்டுப் பத்திரம், பவர் பத்திரம் போன்றவை என்றால், கையெழுத்துப் போடுபவரின் வலது கைக் கட்டைவிரல் ரேகையைத் தம் குறிப்பேட்டில் அவர் வாங்கிக்கொள்ளவேண்டும். படித்தவர் ஆனாலும் கைநாட்டு வைக்கவேண்டியதுதான்!

வீட்டுக்கு வருவதில் ஒரு விஷயம் முக்கியம்.

கோர்ட்டு வாசலில் கிழவர் தனியாகப் பேசலாம். வீட்டில் அவர் கட்டிலைச் சுற்றி யார் நிற்பார்கள்? சொத்தை வாங்கிக்கொள்ளப் போகிறவர்களே நிற்பார்கள். “அப்பா, இங்கே போடுங்கள்” என்று விரலைப் பிடித்து வைப்பார்கள்.

ஆகவே, வீட்டுக்கு வருகிற நோட்டரி முதலில் ஒரு காரியம் செய்யவேண்டும். மற்றவர்களை வெளியே அனுப்பவேண்டும். பெரியவரிடம் தனியாகப் பேசவேண்டும். “ஐயா, இது என்ன பத்திரம்? யாருக்கு எதைக் கொடுக்கிறீர்கள்? உங்களுக்குச் சம்மதம்தானா?” என்று கேட்கவேண்டும். அவர் சொல்வது புரியவில்லை என்றாலோ, அவருக்கே புரியவில்லை என்றாலோ, முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடவேண்டும். பயணப்படி போனால் போகட்டும்.

திரையில் வரும் நோட்டரி

நேரில் வராமல், திரையில் முகம் பார்த்து முத்திரை வைக்கும் முறையும் உலகத்தில் இருக்கிறது. இதை முதலில் சட்டமாக்கியது அமெரிக்காவில் உள்ள வர்ஜீனியா மாநிலம். 2011-ல் சட்டம் செய்தார்கள். 2012 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது.

2020-ல் கொரோனா வந்தது. யாரும் யாரையும் நேரில் பார்க்கமுடியவில்லை. ஆனால் உயில் எழுதவேண்டியவர்கள் இருந்தார்கள்; வீடு வாங்கவேண்டியவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் திரை முறையை அவசரமாக அனுமதித்தன. பிறகு பெரும்பாலான மாநிலங்களில் அது நிரந்தரச் சட்டம் ஆகிவிட்டது.

அங்கே எப்படி நடக்கிறது?

பத்திரத்தை அனுப்பிவிட்டுத் தூங்கப் போகமுடியாது. கையெழுத்துப் போடுகிறவர் திரை முன்னால் உட்காரவேண்டும். நோட்டரி மறுபக்கம் உட்காருவார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவேண்டும், பேசவேண்டும்.

முதலில் அடையாள அட்டை சோதிக்கப்படும். அது உண்மையானதா என்று எந்திரம் பார்க்கும். பல மாநிலங்களில், அந்த ஆளுக்கு மட்டுமே தெரிந்திருக்கக் கூடிய சில கேள்விகள் கேட்கப்படும். முன்பு எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள் என்பது போன்ற கேள்விகள். குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும்.

பிறகுதான் கையெழுத்து. அதுவும் நோட்டரி பார்க்கும்போதே போடவேண்டும்.

நடந்தது எல்லாம் படமாகவும் ஒலியாகவும் பதிவாகும். டெக்சாஸ் மாநிலத்தில் அந்தப் பதிவை ஐந்து ஆண்டு வைத்திருக்கவேண்டும். புளோரிடாவில் பத்து ஆண்டு வைத்திருக்கவேண்டும். நாளைக்கு வழக்கு வந்தால், கோர்ட்டில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்கலாம்.

புளோரிடாவில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. உயில் போன்ற பத்திரங்களைத் திரையில் எழுதுகிறவரிடம் சில கேள்விகள் கேட்கப்படும். “நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? அறையில் உங்களோடு யார் யார் இருக்கிறார்கள்? இந்தத் திரையில் வர உங்களுக்கு உதவி செய்தவர் யார்?” கட்டிலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைச் சட்டம் மறக்கவில்லை!

கலிபோர்னியா அவசரப்படவில்லை. திரை நோட்டரிச் சட்டத்தை 2023-ல்தான் நிறைவேற்றியது. நிறைவேற்றியும் உடனே தொடங்கிவிடவில்லை. தகுந்த ஏற்பாடுகள் செய்து, 2030 ஜனவரி 1-ந் தேதிக்குள் தொடங்கவேண்டும் என்று கெடு வைத்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? திரையில் செய்கிறவர்களும் முகத்தை விட்டுவிடவில்லை. நேரில் பார்ப்பதைவிடக் கூடுதலாகவே சோதிக்கிறார்கள்.

இந்தியாவில் என்ன நிலைமை?

இந்தியாவின் 1952-ம் ஆண்டுச் சட்டத்தில், திரையில் முகம் பார்த்து முத்திரை வைப்பதுபற்றி ஒரு பிரிவும் இல்லை. அதற்கான சோதனை முறையும் இல்லை. படம் பிடித்து வைக்கும் விதியும் இல்லை.

2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. மின்னணு முறையில் செய்யும் பத்திரங்களுக்கு அது அங்கீகாரம் கொடுத்தது. ஆனால் எல்லாப் பத்திரங்களுக்கும் கொடுக்கவில்லை. உயில், டிரஸ்டு, பவர் பத்திரம், நிலம் வீடு விற்கும் ஒப்பந்தம் போன்றவற்றைச் சட்டம் விலக்கி வைத்தது. 2022-ல் இந்தப் பட்டியலைத் திருத்தினார்கள். நிலம் வீடு பற்றிய ஒப்பந்தத்துக்கு இருந்த தடை நீங்கிற்று. பேங்கு போன்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பவர் பத்திரத்துக்கும் சலுகை வந்தது. உயிலும் டிரஸ்டும் பழையபடியே விலக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் சாதாரண பவர் பத்திரத்துக்கும் விலக்கு நீங்கவில்லை.

2024-ல் மைய சர்க்கார் நோட்டரிகளுக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. அது நோட்டரி ஆக விரும்புகிறவர்களும், அத்தாட்சியைப் புதுப்பிக்கிறவர்களும் மனுச் செய்யும் இடம். மக்கள் கையெழுத்துப் போடும் இடம் அல்ல.

நிலைமை இப்படி இருக்கும்போது, “பத்திரத்தை அனுப்புங்கள், முத்திரையோடு திருப்பி அனுப்புகிறோம்” என்றால் என்ன பொருள்? யார் முகத்தை யார் பார்த்தார்கள்? யார் கையெழுத்தை யார் கண்டார்கள்?

விளம்பரம் செய்கிறவர்கள் எல்லாரும் மோசடிக்காரர்கள் என்று சொல்லவேண்டியதில்லை. அவர்களில் சிலர் நோட்டரியை நேரில் அனுப்புகிறவர்களாகவும் இருக்கலாம். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “நோட்டரி என்னைப் பார்ப்பாரா?” பார்க்கமாட்டார் என்றால், அங்கே பணம் கட்டாதீர்கள்.

முத்திரை செய்யாத வேலைகள்

நோட்டரி முத்திரை கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பி, பல குடும்பங்கள் கஷ்டப்படுகின்றன. முத்திரையால் ஆகாத காரியங்கள் பல உண்டு.

நிலமும் வீடும்: நூறு ரூபாய்க்கும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலமோ வீடோ விற்றால், அதைப் பதிவு ஆபீசில் பதிவு செய்யவேண்டும். “நோட்டரி பத்திரத்தில் வாங்கினேன்” என்றால் சொத்து வந்துசேராது. இன்றைக்கு நூறு ரூபாய்க்கு நிலம் எங்கே கிடைக்கிறது? எல்லா விற்பனையையும் பதிவு செய்யவேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனை ஒப்பந்தமும் பவரும்: தமிழ்நாட்டில் 2012-ல் வந்த திருத்தத்தின்படி, நிலம் வீடு விற்கும் ஒப்பந்தத்தையும் பதிவு செய்யவேண்டும். சொத்து சம்பந்தமான பவர் பத்திரத்தையும் பதிவு செய்யவேண்டும். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பவர் எழுதி வாங்கிக்கொள்வதனாலேயே சொத்து சொந்தமாகிவிடாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

குத்தகையும் வாடகையும்: ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டையோ நிலத்தையோ விட்டால், அந்தப் பத்திரத்தையும் பதிவு செய்யவேண்டும்.

திருமணமும் விவாகரத்தும்: நோட்டரியால் திருமணம் செய்துவைக்க முடியாது. புருஷன் பெண்சாதியைப் பிரித்துவைக்கவும் முடியாது. நோட்டரிகள் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்று 2024-ல் மைய சட்ட விவகாரத் துறை எச்சரித்திருக்கிறது. நோட்டரி முத்திரை போட்ட காகிதத்தை நம்பி வாழ்க்கையைத் தொடங்கும் பெண், பிறகு ஜீவனாம்சத்துக்கும் பென்ஷனுக்கும் அலைய நேரிடும்.

உயில்: உயிலுக்கு நோட்டரி முத்திரை தேவையே இல்லை. எழுதுபவர் கையெழுத்து வேண்டும். இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். பதிவு செய்வது அவரவர் விருப்பம். முத்திரை இருக்கிறது, சாட்சி இல்லை என்றால், அந்த உயில் நிற்காது.

கடல் கடந்து இருப்பவர்கள்

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ, வளைகுடா நாடுகளிலோ, அமெரிக்காவிலோ இருக்கிறார். அவர்களுக்குத்தான் பவர் பத்திரம் அதிகம் தேவைப்படுகிறது.

அவர்கள் அங்கே உள்ள நோட்டரி முன்பாகவோ, இந்தியத் தூதரக அதிகாரி முன்பாகவோ கையெழுத்துப் போடலாம். பதிவுச் சட்டம் இரண்டையும் ஒப்புக்கொள்கிறது. நோட்டரியிடம் போட்டால், “அப்போஸ்டில்” என்னும் சர்வதேசச் சான்றையும் வாங்கி ஒட்டுவது நல்லது. அந்த ஏற்பாட்டில் இந்தியா 2005-ல் சேர்ந்தது.

பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நோட்டரி வக்கீலாக இருக்கவேண்டியதில்லை. சிறிது பயிற்சியோ பரீட்சையோ போதும். சட்ட ஆலோசனை சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. திரையில் முத்திரை வைத்த பத்திரம் அங்கே செல்லும். இங்கே பதிவு ஆபீசில் அதை எடுத்துக்கொள்வார்களா? பத்திரம் எழுதும் முன்னரே அந்தந்த ஊர் சார்பதிவாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். தூதரகத்துக்கு ஒரு தடவை போய்வருவது, பிறகு விமானம் ஏறி வருவதைவிட மேல்.

கையெழுத்துப் போடும் முன்

எழுத்துக் கூட்டிப் படிப்பவரானாலும் பரவாயில்லை. முழுதும் படிக்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். நேரம் ஆகிறதே என்று மற்றவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நம்பிக்கையான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். கைநாட்டு வைப்பவருக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்டவேண்டும். வாசித்துக் காட்டியதாகப் பத்திரத்திலும் எழுதவேண்டும்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. இடையில் காலி இடம் இருந்தால், கோடு போட்டு அடைத்துவிடுங்கள்.

நோட்டரியிடம் பதிவேடு இருக்கும். எந்தத் தேதியில், யாருக்கு, என்ன பத்திரத்துக்கு முத்திரை வைத்தார் என்பதை அதில் எழுதவேண்டும். உங்கள் பத்திரம் அதில் ஏறியதா என்று கேளுங்கள். அந்த வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டண விவரத்தை அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் நோட்டரி எழுதித் தொங்கவிடவேண்டும். அது விதி. அதைப் பார்த்துப் பணம் கொடுங்கள். ரசீது வாங்குங்கள்.

நிலம் வீடு வாங்குகிறவர்கள், முத்திரையைப் பார்த்து மயங்காமல், வில்லங்கச் சான்று பாருங்கள். தமிழ்நாடு பதிவுத் துறையின் இணையதளத்தில் அதைக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். செல்போனை அதற்குப் பயன்படுத்துங்கள். அது நல்ல வசதி!

சர்க்கார் செய்யவேண்டியது

மக்களுக்குப் புத்தி சொன்னால் மட்டும் போதாது. சர்க்காரும் தன் கடமையைச் செய்யவேண்டும்.

நோட்டரிகளின் பட்டியலை ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் கெஜட்டில் வெளியிடவேண்டும் என்று 1952-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கெஜட்டை எந்த வீட்டில் வாங்குகிறார்கள்? அந்தப் பட்டியல் தமிழில், செல்போனில் தேடிப் பார்க்கும்படி இருக்கவேண்டும். பெயரைப் போட்டால், “இவர் நோட்டரிதான், இன்ன தேதி வரை அத்தாட்சி இருக்கிறது” என்று தெரியவேண்டும். பாதிப் பொய் முத்திரைகள் அன்றைக்கே செத்துப்போகும்.

வீட்டுக்கு வரும் நோட்டரிக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதை ஊருக்கெல்லாம் தெரிவிக்கவேண்டும். முதியோருக்கும், ஊனமுற்றோருக்கும், நோயாளிகளுக்கும் இந்த வசதி உரிமையாகக் கிடைக்கவேண்டும்.

முகம் பார்க்காமல் முத்திரை போட்ட நோட்டரிமீது புகார் கொடுத்தால், விசாரணை தூங்கக் கூடாது. நோட்டரி தன் தொழிலில் செய்யும் குற்றத்துக்காக, சாதாரண மனிதர் நேராகக் கோர்ட்டில் வழக்குப் போடமுடியாது. சர்க்கார் அதிகாரம் கொடுத்த அதிகாரி எழுத்து மூலம் புகார் செய்தால்தான் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். சட்டம் கதவைச் சர்க்கார் கையில் கொடுத்திருக்கிறது. அந்தக் கதவைச் சர்க்கார் திறக்காவிட்டால், ஏழை எங்கே போவான்?

திரை முறையும் ஒரு நாள் வரத்தான் போகிறது. வரட்டும். மலைக் கிராமத்துக் கிழவிக்கும், பாலைவனத்தில் வேலை பார்க்கும் இளைஞனுக்கும் அது நன்மைதான். ஆனால் சட்டம் முதலில் வரவேண்டும். வியாபாரம் பிறகு வரவேண்டும். திரையில் முகம் தெரியவேண்டும். ஆளைச் சோதிக்கவேண்டும். அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவேண்டும். நடந்ததைப் படம் பிடித்துப் பல ஆண்டு காப்பாற்றவேண்டும். இந்த நான்கும் இல்லாத திரை முறை வேண்டாம்.

பஸ் செலவு மிச்சமாவது நல்லதுதான். அதற்காக வீட்டை இழக்கமுடியுமா?

நோட்டரி வீட்டுக்கு வரட்டும். சட்டம் வந்தபின் திரையிலும் வரட்டும். எங்கே வந்தாலும், முதலில் முகத்தைப் பார்க்கட்டும். பிறகு முத்திரையை எடுக்கட்டும்!